காசு கொடுத்துப் பிணம் பார்ப்பதா?

மெக்சிகோ நாட்டில் குவானவாத்தோ என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. தலைநகரிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தூரம். ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்தில் எழுந்த ஊர். மலைச் சரிவெல்லாம் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வீடுகள் கொலு வைத்தாற்போல் நிற்கும். 1988-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது.

ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். ஆனால், பலர் அந்த ஒரு நாளில் தேடிப் போகும் இடம் எது தெரியுமா? பிணக் காட்சிசாலை!

டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால், காய்ந்துபோன மனித உடல்கள் இருக்கும். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள்கூட உண்டு. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

இது நியாயமா?

யார் அவர்கள்?

எகிப்தில் மன்னர்களின் உடலை மருந்திட்டுப் பாதுகாத்தார்கள். இவர்கள் மன்னர்கள் அல்ல; சாதாரண மக்கள். இவர்கள் உடலுக்கு யாரும் மருந்து போடவில்லை. அந்த ஊர்க் காற்று வறண்ட காற்று. கல்லறை மாடங்களில் வைத்த உடல்கள் தாமாகவே காய்ந்துவிட்டன.

பிறகு ஏன் வெளியே எடுத்தார்கள்? அங்கே அப்போது கல்லறைக்கு வரி இருந்தது. வரி கட்ட ஆள் இல்லாவிட்டால் உடலை எடுத்துவிட்டார்கள். 1865-ல் முதலில் எடுக்கப்பட்டது ஒரு பிரெஞ்சு டாக்டரின் உடல். அவருக்காகப் பணம் கட்ட அங்கே உறவினர் இல்லை. அவருக்குப் பின், நூற்றுக்கு மேற்பட்ட உடல்கள் வெளியே வந்தன.

வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்வதுண்டு. இங்கே செத்தவர்களையே காலி செய்தார்கள்!

எதைப் பார்க்க வேண்டும்?

அந்த ஊருக்குப் போகிறவர்கள், காலையில் மேலே இருக்கும் வலென்சியானா வெள்ளிச் சுரங்கத்துக்குப் போகட்டும். ஒரு காலத்தில் உலகின் பெரிய வெள்ளிச் சுரங்கங்களில் அது ஒன்று. சுரங்க முதலாளி கட்டிய மாதா கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. 1788-ல் முடிந்தது. உள்ளே பீடங்கள் தங்கமாய் ஜொலிக்கின்றன.

அந்தச் செல்வம் எப்படி வந்தது? 1803-ல் அங்கே வந்த ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் எழுதி வைத்திருக்கிறார். தொழிலாளிகள் நூறு கிலோவுக்கு மேல் பாரம் சுமந்தார்கள். 1,800 படிகள்! அவற்றில் எட்டு, பத்து தடவை ஏறி இறங்கினார்கள்.

மதியம், அலோந்திகா என்ற பழைய தானியக் களஞ்சியத்தைப் பார்க்கட்டும். இப்போது அது அருங்காட்சியகம். 1810 செப்டம்பர் 28-ந்தேதி, இடால்கோ பாதிரியாரின் விடுதலைப் படை அதை முற்றுகையிட்டது. பீப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி, முதுகில் ஒரு கல் பலகையைக் கட்டிக்கொண்டார். குண்டு மழைக்கு நடுவே போய்க் கதவுக்குத் தீ வைத்தார். இது ஊரார் சொல்லும் கதை. மாலையில் மலை மேல் அவர் சிலைக்குப் போனால், ஊர் முழுவதும் தெரியும்.

நான்கு தலைகள்

அந்தக் களஞ்சியத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. 1811-ல் இடால்கோவையும் தோழர்கள் மூவரையும் ஸ்பெயின் அரசு கொன்றது. நான்கு தலைகளையும் கூண்டில் வைத்து, கட்டடத்தின் நான்கு மூலைகளில் தொங்கவிட்டது. பத்து வருடம் தொங்கின! 1821-ல் விடுதலை வந்தது. மக்கள் அவற்றை இறக்கி அடக்கம் செய்தார்கள்.

செத்தவர்களைக் காட்சிக்கு வைத்தது அன்னிய அரசு. இறக்கி அடக்கம் செய்தது சொந்த ஜனங்கள். இதில் எது நல்ல வழி?

"காட்சிசாலையால் ஊருக்கு வருமானம் வருகிறதே" என்று சொல்வார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுரங்கம் இருக்கிறது. களஞ்சியம் இருக்கிறது. பூமிக்கு அடியில் ஓடும் சாலைகள் இருக்கின்றன. ஓவியர் தியேகோ ரிவேரா 1886-ல் பிறந்த வீடு இருக்கிறது. காசு கொடுத்துப் பார்க்க இவ்வளவும் போதாதா?

அந்த உடல்களை மறுபடி மண்ணில் வைக்க வேண்டும். அதுவரை, போகிறவர்கள் ஒன்று செய்யலாம். அந்த டிக்கெட்டை வாங்காமல் இருக்கலாம்.

கல்லறை வரி கட்ட வழியில்லாமல் போனவர்களுக்கு, அந்த மரியாதையாவது கிடைக்கட்டும்.