அறிமுக வீடியோ குறித்து நமது சங்கத்தின் நிலைப்பாடு

வீட்டோடு தங்கி முதியோரையும் படுக்கையில் இருப்போரையும் பார்த்துக்கொள்ளும் நம் உறுப்பினர்களுக்கும், நம்மை வேலைக்கு வைக்கும் குடும்பங்களுக்கும், ஏஜென்சி நடத்துவோருக்கும்.

அறிமுக வீடியோ அனுப்பாதவருக்கு இனி டியூட்டி கிடையாது என்று சென்னையில் சில ஏஜென்சிகள் சொல்லத் தொடங்கியிருப்பது உறுப்பினர்கள் அறிந்ததே. முதலில் போட்டோ, பிறகு பயோடேட்டா, பிறகு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு என்று வளர்ந்து இன்று வீடியோவில் வந்து நிற்கும் கதையை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. செயற்குழு இதைப் பற்றி நெடுநேரம் பேசியது. எல்லாவற்றிலும் ஒருமித்த முடிவு எட்டவில்லை. எட்டிய அளவில் சங்கத்தின் நிலைப்பாடு இது.

தன் அனுபவத்தையும் கைவேலையையும் ஒருவர் குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்வதைச் சங்கம் எதிர்க்கவில்லை. சொல்லத்தான் வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் கையில் பெற்றவர்களை ஒப்படைக்கிற பிள்ளைகளுக்குக் கேட்கும் உரிமை உண்டு. 2021-க்கான கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13 பேருக்கும் மேல். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பெற்றவர்கள் மேற்கு மாம்பலத்தில் இருக்க, பிள்ளைகள் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறார்கள். போனில் முகம் பார்த்துப் பேசி ஆள் வைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. வீடியோவால்தான் நல்ல வீடு கிடைத்தது என்று சொன்னவர்களும் செயற்குழுவில் உண்டு. ஆகவே வீடியோவே கூடாது என்ற திருத்தம் நிறைவேறவில்லை. விரும்புகிறவர் கொடுக்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வாசகமே நின்றது.

ஆனால் ஏஜென்சிகள் கேட்பது இதுவல்லவே. நேராக நில்லுங்கள், பக்கவாட்டில் திரும்புங்கள், சிரியுங்கள் என்கிறார்கள். எடை எவ்வளவு, கல்யாணம் ஆயிற்றா, புருஷன் கூட இருக்கிறாரா, "நீங்க எந்த ஆளுங்க?" என்கிறார்கள். உறுப்பினர் ஒருவரைத் தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்து காட்டச் சொல்லிப் படமெடுத்திருக்கிறார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்த வரி அறிக்கைக்கு வேண்டாம் என்று ஒரு யோசனை வந்தது. இருக்கட்டும் என்று முடிவானது.

சாதி சொல்ல மாட்டோம். இதில் சமரசம் இல்லை. சைவச் சமையல் தெரியும் என்று சொல்வது ஒரு திறமையைச் சொல்வது, அது சரி. "நான் சுத்த சைவம்" என்று சொல்வதைத் தடுக்க வேண்டுமா என்பதில் இரு கருத்துகள் இருந்ததால் இப்போதைக்கு அது அவரவர் விருப்பத்துக்கு விடப்படுகிறது. பேஷன்ட்டைப் புரட்டிப் படுக்கவைப்பதையும் டயப்பர் மாற்றுவதையும் நேரில் எடுத்து "டெமோ" என்று அனுப்பச் சொல்கிறவர்களுக்கு ஒரே பதில்தான், முடியாது. வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரு பெரியவரின் உடம்பைக் காட்டி நாம் வேலை தேட வேண்டியதில்லை. தலையணையையோ சக உறுப்பினரையோ வைத்துச் செய்து காட்டலாம்.

இனி, செயற்குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம்.

"கடைசியா இருந்த வீட்டை ஏன் விட்டீங்க?" என்று எல்லா வீடியோவிலும் கேட்கிறார்கள். கடையில் வேலை பார்த்தவரிடமோ டிரைவரிடமோ கேட்டால் அது சாதாரணக் கேள்வி. நம்மில் பலருக்கு அதற்குப் பதில் ஒன்றுதான்: பேஷன்ட் இறந்துவிட்டார். நம்மிடம் யாரை ஒப்படைக்கிறார்கள்? இரண்டாவது முறை ஸ்ட்ரோக் வந்து படுத்தவரை. பார்கின்சன் முற்றி விழுங்க முடியாமல் போனவரை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரி அனுப்பிவைத்த புற்றுநோயாளியை. அவர் காலம் முடிகிறபோது நம் டியூட்டியும் முடிகிறது. பத்து வருட அனுபவம் உள்ள ஒருவர் பல சாவுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவராகத்தான் இருப்பார்.

அதை உள்ளபடி சொன்னால் என்ன நடக்கிறது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். "அந்தப் பொண்ணு போற வீட்டிலெல்லாம் ஆள் போயிடுதாமே" என்பார்கள். ராசியில்லாதவள் என்பார்கள். இங்கிலீஷில் மருந்துச்சீட்டு படிக்கிற, ஆக்சிஜன் அளவு பார்க்கத் தெரிந்த குடும்பங்களே சொல்கின்றன. அதனால் ஏஜென்சிகள் நமக்குப் பாடம் எடுக்கின்றன: "பையன் அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார்னு சொல்லுங்க", "ஐயா குணமாகி எழுந்து நடக்கிறார்னு சொல்லுங்க". நாமும் சொல்கிறோம். பிறகு உண்மை தெரியவரும்போது பொய்க்காரி என்ற பெயர் நமக்கு. அந்த வீட்டில் அடுத்து ஒரு மோதிரம் காணாமல் போனால் முதலில் யார் பையைத் திறக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டுமா?

இந்தத் தொழிலில் கடினமான வேலை எதுவோ அதைத்தான் மறைத்துப் பேச வைக்கிறார்கள் என்பது சங்கத்தின் கோபம். கடைசி நாட்களைப் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் வராது. தண்ணீர் இறங்காதபோது பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைக்கத் தெரிய வேண்டும். மூச்சு விட்டுவிட்டு வருவதையும் பாதம் குளிர்ந்து நிறம் மாறுவதையும் கவனித்து, நடுராத்திரியில் மகளை எந்த நேரத்தில் எழுப்புவது என்று தெரிய வேண்டும். பதறிப்போய் ஆளுக்கொரு ஸ்பூனோடு பால் ஊற்ற வரும் சொந்தக்காரர்களிடம், "இப்ப வேணாம்மா, புரையேறிடும், உதட்டுல மட்டும் தொட்டு வைங்க" என்று யார் மனமும் நோகாமல் சொல்லத் தெரிய வேண்டும். உயிர் போனபின் உடம்பு விறைக்குமுன் கைகாலை நேராக்கி, கண்ணை மூடி, நாடிக்கட்டு கட்டி, துடைத்து, உடை மாற்றி வைப்பதும் பல வீடுகளில் நாம்தான். இதையெல்லாம் செய்த கையை ராசியில்லாத கை என்கிறார்கள். கையில் யாரும் இறக்காத புதுப் பெண் போதும் என்கிறார்கள். புதுப் பெண் உயிர் பிரிகிற இரவில் பயந்து ஏஜென்சிக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பாள்.

சான்றுக் கடிதமும் இதோடு சேர்ந்ததுதான். முன்பு இருந்த வீட்டிலிருந்து கடிதம் கொண்டுவா என்கிறார்கள். எந்த வீட்டில் போய்க் கேட்பது? சாவு விழுந்த வீட்டில் நமக்குக் கடிதம் எழுத யாருக்கும் மனம் இருக்காது. அதைக் குறை சொல்லவில்லை. பல இடங்களில் உடலை எடுக்குமுன்பே கணக்கு முடித்துப் பையைத் தூக்கச் சொல்லிவிடுகிறார்கள். இதைக் குறை சொல்கிறோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பிள்ளைகள் ஊர் திரும்பிவிட்டால் போன் எடுப்பதில்லை. வீடு பூட்டிக் கிடக்கும், அல்லது பில்டர் கைக்குப் போயிருக்கும். வருடக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்தவரிடம் அதற்கு ஒரு வரித் தடயம் இல்லை. கமிஷன் வாங்கிய ஏஜென்சியிடம் எல்லாக் கணக்கும் இருக்கும். கேட்டால் கொடுக்காது, ஏனென்றால் கடிதம் கையில் இருந்தால் நாம் நேரடியாக வீடு பிடித்துவிடுவோம்.

எனவே சங்கம் கேட்பது: சான்றுக் கடிதம் பேஷன்ட் உயிரோடு இருக்கும்போதே, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எழுதித் தரப்பட வேண்டும். எந்தத் தேதியிலிருந்து இருக்கிறார், என்னென்ன வேலை செய்கிறார், இவ்வளவு போதும். முடிந்தால் பெரியவரே கையெழுத்துப் போடட்டும். நோயின் பெயரைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம். ஏஜென்சி வழியாக வந்தவருக்கு ஏஜென்சியும் டியூட்டி விவரத்தைத் தேதியோடு கொடுக்க வேண்டும். "ஏன் விட்டீங்க" என்ற கேள்விக்குப் பதிலாக "என்னென்ன பார்த்திருக்கீங்க" என்று கேளுங்கள் என்று குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்கள், பேஷன்ட் இறந்திருந்தால் அதை மறைக்காமல், "கடைசி வரைக்கும் கூட இருந்தேன்" என்றே முடிந்தவரை சொல்ல வேண்டும். "முடிந்தவரை" என்பது வரைவில் இல்லாத சொல். உண்மையைச் சொல்லி வீடு கிடைக்காமல் போனால் அந்த மாதச் சாப்பாட்டுக்குச் சங்கம் என்ன வழி செய்யும் என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டார்கள். பதில் இல்லாததால் சேர்த்தோம்.

அறிமுகத்தில் எதைச் சொல்வது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. "எல்லாம் செய்வேன்" என்று சொல்லாதீர்கள். எல்லாம் செய்வேன் என்று போனவரைத்தான் பாத்திரம் கழுவவும் பேரனைப் பள்ளியில் விடவும் அனுப்புகிறார்கள். செய்ததைச் செய்தபடி சொல்லுங்கள். வலப்பக்கம் விழுந்துபோனவருக்குச் சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைப்பேன், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுப்பேன் என்று ஒருவர் சொன்னாலே, விஷயம் தெரிந்த குடும்பம் புரிந்துகொள்ளும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டுவேன், இரவிலும். மூக்குக் குழாயில் கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்தி வைப்பேன், கொடுத்த உடனே படுக்கவிட மாட்டேன். மறதி நோய்க்காரர் பொழுது சாய்ந்ததும் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பினால் வாக்குவாதம் செய்ய மாட்டேன், கூடவே வாசல் வரை நடந்து பேச்சு கொடுத்துத் திருப்பிக் கூட்டி வருவேன். இப்படிச் சொல்லுங்கள்.

தெரியாததையும் சொல்லுங்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது வேறு, குழாயைப் போடுவது வேறு. குழாய் போடுவதும், சிறுநீர்க் குழாய் மாற்றுவதும், ஊசி போடுவதும் பதிவுபெற்ற நர்ஸின் வேலை. இன்சுலின் விஷயத்தில், டாக்டர் எழுதிக் கொடுத்துக் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்கும் வீடுகளில் என்ன செய்வது என்பது மேலும் விவாதிக்கப்படும். நம்மை "ஹோம் நர்ஸ்" என்று விளம்பரம் செய்து நர்ஸ் கட்டணம் வாங்கி, நமக்கு அட்டெண்டர் சம்பளம் கொடுப்பதை ஏஜென்சிகள் நிறுத்த வேண்டும். ஏதாவது தவறு நடந்தால் போலீஸ் முன் நிற்பது விளம்பரம் செய்தவர் அல்ல. ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட் பயிற்சி முடித்தவர்கள் சான்றிதழைக் காட்டலாம். முடிக்காதவர் அனுபவம் குறைந்தவர் என்று பொருளில்லை.

அறிமுகம் என்பது ஒரு பக்கத்து வேலையும் அல்ல. குடும்பமும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். பெரியவர் எடை எவ்வளவு, தூக்க இன்னொரு ஆள் இருக்கிறாரா, ராத்திரி எத்தனை தடவை எழுவார், அடிப்பாரா, கடிப்பாரா, தகாத இடத்தில் கை வைப்பாரா என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாம் எங்கே படுப்போம், அந்த அறையில் கேமரா உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மறைத்து "அம்மா ரொம்ப சாதுங்க" என்று சொல்லி வரவழைத்த வீடுகளின் பட்டியல் சங்கத்தில் இருக்கிறது. வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்பதையும், மாவட்ட அளவில் புகார்க் குழு உண்டு என்பதையும் நினைவூட்டுகிறோம்.

ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்கள் மறைத்த நகலை மட்டும் கொடுங்கள். போலீஸ் சரிபார்ப்புக்கு ஆட்சேபணை இல்லை. செலவு நம் தலையில் வேண்டாம். வீடியோவில் சொந்த போன் நம்பர் கூடாது. ராத்திரியில் யார் யாரோ கூப்பிடுகிறார்கள். வீடு கிடைத்ததும் வீடியோவை நீக்க வேண்டும். ஒப்புதல் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம் என்று 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அது முழுதாக நடைமுறைக்கு வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

அரசிடம் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வீட்டுப் பணியாளர்க்கென நல வாரியம் 2007-இலேயே வந்த மாநிலம் இது. வீட்டோடு தங்கிப் பார்ப்பவருக்கு வேலை விவரமும் பயிற்சி விவரமும் கொண்ட அட்டையை அந்த வாரியம் தர வேண்டும். வீட்டுப் பணியாளர் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 189-ஆம் உடன்படிக்கைக்கு 2011-இல் ஜெனீவாவில் ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. வீட்டுப் பணியாளருக்குச் சட்ட ஏற்பாடு வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 29.1.2025 அன்று ஒன்றிய அரசிடம் சொன்னது. சட்டம் வரட்டும், வேண்டும்; ஆனால் அது வரும்வரை நமக்கு வீடு வேண்டும்.

சங்கத்தின் ஒரு பக்க அறிமுகப் படிவமும் சான்றுக் கடித மாதிரியும் தயாராக உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கிளைச் செயலாளர் கேட்டு எழுதித் தருவார். ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்துள்ள உறுப்பினர்களுக்கு இந்தியிலும் கிடைக்கும். வீடியோ கேட்கும் ஏஜென்சிக்கு முதலில் இந்தப் படிவத்தைக் கொடுங்கள். வாங்க மறுத்தால் ஏஜென்சியின் பெயர், பேசியவர் பெயர், தேதி மூன்றையும் குறித்து அனுப்புங்கள். அடுத்த பொதுக்குழு வரை எந்த ஏஜென்சியையும் புறக்கணிக்கும்படி சங்கம் சொல்லவில்லை. பொதுக்குழுவில் அந்தப் பட்டியல் வாசிக்கப்படும்.