இல்லத்து மின்கருவிகள்: துளையில் பொருந்தினால் போதுமா?

சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய புதல்வர் கிட்டார் வாசிப்பதில் பெருவிருப்பம் உடையவர். பழைய வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதன் ரெக்டிபையர் வால்வு பழுதாகவே, லாமிங்டன் சாலையில் தேடியலைந்து வேறொன்றை வாங்கிப் பொருத்தினார். பழையது 5ஒய்3, புதியது 5யு4. இரண்டும் ஒரே சாக்கெட்டில் அமர்வன. இசை எழுந்தது, சிறிது நேரத்தில் டிரான்ஸ்பார்மரிலிருந்து கருகல் நாற்றமும் எழுந்தது! தாயார் விரைந்து சுவிட்சை அணைத்தமையால் பெட்டி பிழைத்தது.

துளையில் பொருந்துவது வேறு, தொழிலில் பொருந்துவது வேறு. இம்மாதம் இதனையே விளக்க விரும்புகிறோம்.

மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவது ரெக்டிபையர் வால்வின் பணி. அதன் இழையைச் சூடாக்க டிரான்ஸ்பார்மர் 5 வோல்ட் தனியே அளிக்கிறது. 5ஒய்3 வால்வின் இழை 2 ஆம்பியர் கொள்ளும். 5யு4 வால்வின் இழையோ 3 ஆம்பியர் கேட்கும். இரண்டு ஆம்பியருக்கெனச் சுற்றிய கம்பி மூன்றைச் சுமந்தால் கொதிக்காமல் என்ன செய்யும்?

“ஜி.இசட்.34 வால்வுக்கு 1.9 ஆம்பியரே போதுமே, அதனைப் போடலாமே” என்று சிலர் வினவக்கூடும். அங்கே இடர் வேறு வகையினது. ஒவ்வொரு வால்வும் தன்னுள் சிறிது வோல்ட்டை விழுங்கும். 5ஒய்3 தன் உச்ச அளவான 125 மில்லி ஆம்பியரில் ஏறத்தாழ 60 வோல்ட் விழுங்கும். ஜி.இசட்.34, 225 மில்லி ஆம்பியரிலும் ஏறத்தாழ 17 வோல்ட்டே விழுங்கும். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் உள்ளே மின்னழுத்தம் உயர்ந்து, கண்டென்சர்களும் ஒலி தரும் வால்வுகளும் தாங்கும் எல்லையைக் கடக்கலாம். 1950களின் ஃபென்டர் டீலக்ஸ் பெட்டி 5ஒய்3 கொண்டு அமைந்தது. 1963இல் வந்த டீலக்ஸ் ரிவெர்ப் ஜி.இசட்.34 கொண்டு அமைந்தது. அமைத்தவர் கணக்கிட்டே அமைத்தனர். எதிர்முகமாக மாற்றினால் மின்னழுத்தம் தாழ்ந்து ஒலி மென்மையுறும் என்பது உண்மையே. எனினும் பெரிய பெட்டிகளின் சுமையைச் சிறிய 5ஒய்3 தாங்காது.

ஆதலின் பெட்டியில் குறித்துள்ள எண்ணையே வாங்குக. மாற்றும்பொழுது சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்குக. வால்வு நன்கு ஆறும்வரை பொறுத்திருந்து, கண்ணாடியைத் திருகாமல் அடிப்பகுதியைப் பற்றி நேராக மேலே இழுக்கவேண்டும். புதியதை நடுமுளை சரியான பள்ளத்தில் அமருமாறு மெல்ல அழுத்தவேண்டும். ஸ்பீக்கரை இணைத்த பின்னரே மின்சாரம் தருக. முதற் சில நிமிடங்கள் கண்ணை அகற்றாதிருங்கள். ஒலி தரும் வால்வுகளின் உட்தகடு சிவந்து கனன்றால் உடனே அணைத்துவிடுக. பியூஸ் போனால் தடித்த பியூஸ் போடுதல் பெரும் பிழையாகும்.

பெட்டியின் உட்பகுதியைத் திறக்கும் ஆசை மட்டும் வேண்டா. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேலும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்; அது உயிரைக் கொள்ளவல்லது. அப்பணியைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 110 முதல் 120 வோல்ட்டுக்கு உரியதாயின், நம் 230 வோல்ட்டில் நேரே இணைக்காமல், தக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியே இணைக்க வேண்டும்.

அன்பரின் புதல்வர் இப்பொழுது 5ஒய்3 வால்வே வாங்கிப் பொருத்தியிருக்கிறார். இசை முன்போல் ஒலிக்கிறது. தாயாரும் அச்சமின்றி அருகே அமர்ந்து கேட்கிறார். பெற்றோர் வேண்டுவது அவ்வளவே அன்றோ!