குறி தப்பினால் உயிர் தப்புமா?

தமிழில் 'தப்பு' என்னும் வினை இரண்டு வேலைகளைச் செய்கிறது. எய்தவனின் குறி தப்புகிறது. எய்யப்பட்ட விலங்கும் தப்புகிறது. 'பிழை' என்னும் வினையும் அத்தகையதே. கை பிழைத்தது என்றால் தவறியது என்று பொருள்; உயிர் பிழைத்தது என்றால் வாழ்கிறது என்று பொருள். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில், முயலைக் கொன்ற அம்பைவிட யானையைப் பிழைத்த வேலே இனிது என்று கூறும் 772-ஆம் குறளிலும் இந்த வினை பயில்கிறது. வேல் தவறியது என்றும் யானை பிழைத்தது என்றும் படிக்க அந்த ஒரு சொல் இடம் தருகிறது.

இந்தப் பொருளிணைவுக்குள் ஓர் அனுமானம் உறைந்திருக்கிறது. குறி தவறினால் விலங்கு நலமாகப் போய்விடும் என்பதே அது. அம்புக்கும் வேலுக்குமே இது முழு உண்மையாக இருந்திருக்க முடியாது. தொலைவிலிருந்து சுடும் துப்பாக்கிக்கு இது முற்றிலும் பொருந்தாது. கொல்வதற்கும் தப்புவதற்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று உண்டு: குண்டு பட்டும் சாகாமல் புதருக்குள் மறையும் விலங்கு. வேட்டைத் துப்பாக்கியின் நெடுந்தொலைவுத் துல்லியம் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கேள்வி முறையானதே. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடை மூன்றாவது நிலையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது.

முதலில் அந்தக் கேள்விக்குரிய மரியாதையைச் செய்ய வேண்டும். பேச்சுத் தமிழில் குண்டும் தோட்டாவும் ஒன்றாகவே வழங்குகின்றன. இங்கு அவற்றைப் பிரித்தாக வேண்டும். தோட்டா என்பது பித்தளைக் கூடு, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருள். குழலை விட்டுப் பறந்து செல்வது குண்டு மட்டுமே. குண்டின் எடை, நீளம், முனையின் வடிவம் ஆகியவை அது காற்றை எவ்வாறு கிழித்துச் செல்லும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரே குறுக்களவில், கூர்முனையும் குறுகிய வாலும் கொண்ட நீண்ட குண்டு தன் வேகத்தை நெடுநேரம் காத்துக்கொள்ளும். மழுங்கிய முனை கொண்ட குண்டு விரைவில் இழந்துவிடும். ஆனால் நீண்ட குண்டு நிலையாகப் பறக்க வேண்டுமானால் அது வேகமாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைத் தருவது குழலின் உட்புறத்துச் சுருள் பள்ளம். எனவே குண்டின் தேர்வு குழலைப் பொறுத்தது. மருந்தின் அளவோ ஒவ்வொரு முறையும் ஒரே வேகம் கிடைக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த மருந்துக்கு வெப்பநிலையும் ஒரு பொருட்டு. கார்டைட் என்னும் புகையிலா மருந்து வெயிலில் சூடேறினால் குழலுக்குள் எழும் அழுத்தம் கூடும். அதனால்தான் பிரிட்டிஷ் தோட்டா நிறுவனங்கள் இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து நிரப்பிய தனித் தோட்டாக்களை விற்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட 8 முதல் 9 விழுக்காடு குறைவு. குண்டுக்கு எதிரான தடையும் அந்த அளவில் குறையும். துல்லியம் என்பது துப்பாக்கிக்குள் அடங்கிய பண்பு அன்று. அது இடத்தையும் பருவத்தையும் சார்ந்தது.

அந்தச் சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அளவியல் இரண்டாகப் பிரிக்கும் கருத்துகளை வழக்குத் தமிழ் 'துல்லியம்' என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறது. ஐந்து குண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கி விழுவது ஒரு பண்பு. அவை விழ வேண்டிய இடத்தில் விழுவது வேறொரு பண்பு. முன்னதைச் செறிவு என்றும் பின்னதைக் குறிப்பொருத்தம் என்றும் அழைக்கலாம். குண்டையும் மருந்தையும் தேர்ந்தெடுப்பது முதன்மையாகச் செறிவையே கூட்டுகிறது. குறிப்பொருத்தத்திற்குத் தொலைவை மதிப்பிடுதல், காற்றைக் கணித்தல், விலங்கின் அசைவை உணர்தல் ஆகியவை வேண்டும். இவை சுடுபவரின் அறிவைச் சார்ந்தவை. தோட்டாப் பெட்டிக்குள் இவை வருவதில்லை.

செறிவை அளக்கும் வழக்கத்திலும் ஆய்வு மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு பொறி உண்டு. மருந்தளவைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வோர் அளவிலும் மூன்று முறை சுட்டு, மிக நெருக்கமாக விழுந்த தொகுதியைத் தேர்ந்தெடுப்பது பலர் பின்பற்றும் முறை. பத்து அளவுகளுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லையென்றாலும், ஏதாவது ஒன்று தற்செயலாக நெருங்கி விழத்தான் செய்யும். மூன்று தரவுப் புள்ளிகளைக் கொண்டு பத்துக் கருதுகோள்களைச் சோதித்து, வென்றதை மட்டும் வெளியிடும் ஆய்வுக்கட்டுரைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மேலும், ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது.

இந்தப் பின்னணியில் பெங்களூருவின் புகழ்பெற்ற வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனை (1910–1974) மறுபடி வாசிப்பது பயன் தரும். ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிய அவர், நகருக்குத் தெற்கே ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சிவனப்பள்ளி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த காடுகளைத் தம் நூல்களால் உலகறியச் செய்தார். அவர் கையில் பெரும்பாலும் இருந்தது .405 வின்செஸ்டர். 1904-இல் அறிமுகமான இந்தத் தோட்டாவையே அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அதன் குண்டு 300 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 19 கிராம் எடையும் மழுங்கிய முனையும் கொண்டது. குழலை விட்டு நொடிக்கு 670 மீட்டர் வேகத்தில் புறப்படும்.

நெடுந்தொலைவுக்கு இது ஏற்ற குண்டு அன்று. கணக்கு எளியது. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 300 மீட்டரைக் கடக்க அதற்கு 0.45 நொடி ஆகும். அதற்குள் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே விழுந்திருக்கும். காற்றின் தடையைச் சேர்த்தால் நேரமும் வீழ்ச்சியும் இன்னும் கூடும். நொடிக்கு 3 மீட்டர் வீசும் பக்கக் காற்று, அந்தத் தொலைவில் குண்டை ஏறத்தாழ ஒரு முழம் ஒதுக்கிவிடும். மானின் நெஞ்சுப் பகுதியில் உடனடி மரணம் தரும் இலக்கின் அகலமோ ஒரு சாண் அளவுதான். ஆனால் 50 மீட்டரில் இதே குண்டு 3 சென்டிமீட்டர் அளவே தாழும். ஆண்டர்சன் மரத்தின் மேல் கட்டிய பரணிலோ, காட்டுப் பாதையின் ஓரத்திலோ, பெரும்பாலும் சில பத்து மீட்டர் தொலைவிலேயே சுட்டார். அவர் தேடிக்கொண்ட துல்லியம் அருகாமையிலிருந்து வந்தது. வேகமாக அடுத்த தோட்டாவை ஏற்றும் நெம்புகோல் அமைப்பும் கனத்த குண்டும் அந்த அருகாமைக்குப் பொருத்தமான தேர்வுகள்.

நவீனக் கூர்முனைக் குண்டும் நன்கு பொருந்திய மருந்தளவும் இந்தக் கணக்கை மாற்றிவிடும் என்று சொல்லலாம். உண்மைதான். நல்ல வேட்டைத் துப்பாக்கி ஒன்று தனக்கேற்ற தோட்டாவுடன் ஒன்று அல்லது இரண்டு கலைக்குள் குண்டுகளைச் செறிவாக இடும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். ஆகவே 300 மீட்டரிலும் குண்டு ஒரு சாணுக்குள் விழும் என்று தாளில் நிறுவிவிடலாம். ஆனால் அந்த அளவீடு மேசையின் மேல் மணல் மூட்டையில் சாய்த்து, அசையாத தாள் இலக்கை நோக்கிச் சுட்டபோது பெற்றது. விலங்கு நடக்கும். வேகமான குண்டுக்கும் அந்தத் தொலைவைக் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். நொடிக்கு ஒரு மீட்டர் மெல்ல நடக்கும் மான் அதற்குள் ஒரு சாணுக்கு மேல் நகர்ந்துவிடும். நெஞ்சை நோக்கிய குண்டு வயிற்றில் பாயும். எந்த மருந்தளவும் இதைத் திருத்தாது.

இங்கேதான் தமிழ் வினை மறைத்துவிட்ட மூன்றாவது நிலை வருகிறது. ஜிம் கார்பெட் 1907-இல் சுட்டுக் கொன்ற சம்பாவத் பெண்புலி, 400-க்கும் மேற்பட்ட மனிதர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்புறத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் உடைந்திருந்ததைக் கார்பெட் கண்டார். பழைய துப்பாக்கிக் காயமொன்றே அதற்குக் காரணம் என்றும், இயல்பான இரையைக் கொல்ல முடியாமல் போனதால் அது மனிதர்மேல் திரும்பியது என்றும் அவர் எழுதினார். எல்லா ஆட்கொல்லிகளும் காயத்தால் உருவானவை அல்ல. முதுமையையும் முள்ளம்பன்றியின் முள்ளையும் அவரே காரணங்களாகக் காட்டுகிறார். ஆனாலும் யாரோ ஒருவரின் குறி தப்பியதற்கான விலையை, அவரை அறியாத மக்கள் ஆண்டுக்கணக்கில் செலுத்தினார்கள் என்பதை அந்தப் பற்கள் காட்டுகின்றன. காயமுற்ற விலங்கைப் பின்தொடர்ந்து முடிப்பது வேட்டைக்காரரின் கடமை என்ற மரபு எழுந்ததும் இதனால்தான். 40 மீட்டரில் சுட்டவர் குருதித் தடத்தை உடனே காண முடியும். 400 மீட்டரில் சுட்டவருக்குக் குண்டு பட்டதா என்பதே ஐயமாகலாம். விலங்கு நின்ற இடத்தைக் கண்டறியவே நேரமாகும்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிறந்த குண்டும் சீரான மருந்தும் காயப்படுத்தும் வாய்ப்பைக் குறைக்கின்றன அல்லவா? தொலைவு மாறாதிருந்தால், ஆம். 100 மீட்டருக்குள்ளேயே சுடுபவர் தன் துப்பாக்கிக்கேற்ற தோட்டாவைப் பொறுமையாகத் தேர்ந்தெடுப்பது அறம் சார்ந்த செயலே. சிக்கல் என்னவென்றால், கிடைத்த செறிவை மனிதர்கள் பெரும்பாலும் தொலைவாக மாற்றிச் செலவிட்டுவிடுகிறார்கள். துப்பாக்கி மேம்பட்டவுடன் இலக்கும் எட்டப் போய்விடுகிறது. காயப்படுத்தும் வாய்ப்பு பழைய இடத்திற்கே திரும்பிவிடுகிறது. நெடுந்தொலைவுத் துல்லியம் என்ற பேச்சின் மையக் குறை இதுவே.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆண்டர்சன் திரிந்த காடுகளின் ஒரு பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனால் இந்த விவாதம் பழங்கதை ஆகிவிடவில்லை. கேரள அரசு 2022-இல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்ற முடிவைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. பன்றிகள் ஓரிரவில் அழித்த நிலக்கடலையையும் மரவள்ளியையும் கண்ட உழவரிடம், சுடவே கூடாது என்று நகரத்திலிருந்து உபதேசிப்பது நேர்மையாகாது. சுடுவது எவ்வாறு என்று கேட்பது நேர்மையானது.

இவற்றைச் சூழ்ந்த வாதங்கள் சுடலாமா, கூடாதா என்ற இரு துருவங்களிலேயே நிற்கின்றன. கொன்றது, தப்பியது என்ற இரு சொற்களைப் போலவே. இந்த நடைமுறைகளை ஆராயும் சூழலியல், சட்டம், பொதுக்கொள்கை மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சுடுவதற்கான உச்சத் தொலைவு எவ்வளவு? அந்தத் தொலைவுக்கும் விலங்கின் உடலுக்கும் ஏற்ற தோட்டா எது, அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியில் அது போதிய முறை சோதிக்கப்பட்டதா? குறி தவறினால் குண்டைத் தாங்கும் மண்மேடு பின்னால் இருக்கிறதா, அல்லது அடுத்த வயலின் பம்புசெட் கொட்டகை இருக்கிறதா? காயமுற்ற விலங்கைத் தேடுவது யார் பொறுப்பு, எத்தனை மணி நேரம்? கொல்லப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கைக்கு அருகே, சுடப்பட்டுக் கிடைக்காமல் போனவற்றின் எண்ணிக்கையும் பதிவாகிறதா?

கடைசிக் கேள்வியே மிக எளியது; பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூட்டினால் போதும். அந்தப் பத்திக்கு 'தப்பியவை' என்று மட்டும் பெயரிட வேண்டாம். 'காயமுற்று மறைந்தவை' என்று எழுதினால், தேட வேண்டிய கடமை இன்னும் முடியவில்லை என்பது படிப்பவருக்குத் தெரியும்.