பீரோவில் தூங்கும் அந்தக் காகிதம்

டெத் சர்டிபிகேட் பற்றி எழுதப் போகிறேன் என்றால், "ஐயய்யோ, விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு?" என்று சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே. இருக்கிறவர்களின் நன்மைக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறதே ஒரு வாண்டு, அதற்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் ஒரு பெரியவர் போய்விட்டால் அந்தச் சான்றிதழுக்கு என்ன அலைச்சல்! பாங்க், இன்ஷூரன்ஸ், பட்டா மாறுதல், வாரிசு சான்றிதழ், பென்ஷன் என்று பத்து ஜெராக்ஸ் எடுப்போம். வேலை முடிந்ததும் அது பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடும். அப்புறம் யாரும் அதைத் தொடுவதே இல்லை. அதை ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள் என்பதுதான் இந்த முறை நான் சொல்ல வருவது.

என்ன இருக்கிறது அதில்? இறந்தவர் பெயர், இறந்த தேதி, இறந்த இடம், தாயார் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், அப்போதைய விலாசம், நிரந்தர விலாசம், பதிவு எண். ஆளுக்கு ஒரு காகிதம் என்று நாலைந்து சேர்ந்தால், மூன்று தலைமுறைக் கதையே கிடைத்துவிடும். அதுவும் நம்மைப் போன்ற பெண்களுக்கு இது பெரிய உதவி. கொள்ளுத் தாத்தாவின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். கொள்ளுப் பாட்டியின் பெயரைக் கேளுங்கள், "பாட்டின்னுதான் கூப்பிடுவோம்" என்பார்கள். பாட்டியின் இறப்புப் பதிவில் தாயார் பெயர் இருந்தால் அதுவே கொள்ளுப் பாட்டியின் பெயர்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வேலையற்ற வேலை என்று நினைக்க வேண்டாம். போன வருஷம் என் தங்கை ஒரு சாதாரணப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். டாக்டரம்மா கேட்டார்: "உங்க அம்மா வழியில, அப்பா வழியில யாருக்காவது புற்றுநோய், சர்க்கரை, இருதய நோய் இருந்ததா? எந்த வயசுல வந்தது?" தங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. "பாட்டி ரொம்ப நாள் முன்னாலேயே போயிட்டாங்க, பெரியம்மாவும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டாக்டரம்மா விடவில்லை. "விசாரிச்சு எழுதிக்கிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

பெரியம்மாவின் சான்றிதழ் அண்ணனிடம் இருந்தது. 1999-ல் காலமானார். பாட்டியுடையது யாரிடமும் இல்லை. தேடுவதற்குத் தேதி வேண்டுமே! நம் வீடுகளில் தேதி தெரியாது, திதி தெரியும். அதை லேசாக நினைக்காதீர்கள். "பிங்கள வருஷம், மாசி மகத்துக்கு மறுநாள்" என்றார் அம்மா. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிங்கள என்பது 1977 சித்திரையில் தொடங்கி 1978 பங்குனியில் முடிந்த வருஷம். அப்படியானால் மாசி மகம் 1978 பிப்ரவரியில். பழைய பஞ்சாங்கம் ஒன்று கிடைத்தால் நாளே தெரிந்துவிடும். கிறிஸ்தவ வீடுகளில் கல்லறைக் கல்லும் சர்ச்சின் அடக்கப் பதிவேடும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது, எங்கே தேடுவது? "நம்ம கிராமத்துலதான் விசாரிக்கணும்" என்றார் மாமா. ஆனால் இறப்பு என்பது சொந்த ஊரில் பதிவாவதில்லை. உயிர் பிரிந்த இடத்தில்தான் பதிவாகும். பாட்டிக்குக் கடைசி மூச்சு கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில். எனவே நகராட்சிப் பதிவேட்டில்தான் அது இருக்க வேண்டும். கிராமத்தில் வீட்டிலேயே நடந்த மரணம் என்றால், இப்போது கிராம நிர்வாக அலுவலர்தான் பதிவாளர். 1980 வரை அந்தப் பொறுப்பு கிராம முன்சீப்பிடம் இருந்தது. இன்னொன்று: வீட்டில் 'பாப்பா', 'குஞ்சு' என்று கூப்பிட்டிருப்பார்கள், பதிவேட்டில் சாமி பெயர் இருக்கும். முழுப் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

பாட்டியின் பதிவு கிடைத்தது. அந்தப் பதிவேட்டு நகலில் வயது என்று போட்டிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். 46. கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் நரைத்த தலை. அதனால் வயதாகித்தான் போனார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். என்னைவிடச் சற்றே மூத்தவர், அவ்வளவுதான்! பெரியம்மாவுக்கு 49. தாயும் மகளும் ஐம்பதைத் தாண்டவில்லை.

சரி, எதனால்? அதுதான் சான்றிதழில் இருக்காது. பலருக்கு இது தெரியாது. 1969-ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17-வது பிரிவில், யாருக்குக் கொடுக்கும் சான்றிதழிலும் இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. எனவே சான்றிதழில் இருந்து நாளும் இடமும் உறவும்தான் கிடைக்கும். காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்: பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களின் வாய்மொழி.

பெரியம்மாவின் ஃபைலில் மார்பகப் புற்றுநோய் என்று தெளிவாக இருந்தது. வீட்டிலே அதற்குப் பெயர் 'உள்கட்டி'. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாக, "உங்க பாட்டிக்கும் மாருலதான் கட்டி. யாருகிட்டயும் காட்ட மாட்டேன்னுட்டா. மஞ்சள் அரைச்சுப் பத்துப் போட்டோம். ரொம்ப முத்தினப்புறம்தான் தூக்கிக்கிட்டு ஓடினோம்" என்றார். நாற்பத்தேழு வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்த சேதி அது. வெட்கம் ஒரு பக்கம். பெண்களுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம்.

இரண்டு பெயர், இரண்டு வயது, ஒரு நோய். இதை ஒரு தாளில் எழுதித் தங்கை கொண்டுபோனாள். அதைப் பார்த்ததும் டாக்டரம்மா வருஷத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை என்று முடிவு செய்தார். மரபணு ஆலோசனைக்கும் அனுப்பினார். அம்மாவும் நானும்கூடப் பரிசோதித்துக்கொண்டோம். இதுவரை பயப்படும்படி ஒன்றும் இல்லை. இனி ஏதாவது வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்ற தைரியம் வந்திருக்கிறது. பாட்டிக்குக் கிடைக்காத தைரியம்.

அப்பா வழியையும் விட்டுவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கான மரபணுக் கோளாறு அப்பா மூலமாகவும் மகளுக்கு வரலாம். ஆகவே அத்தைகளைப் பற்றியும் விசாரியுங்கள். இருதய நோய்க்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அப்பாவுக்கோ கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் வந்திருந்தால், அதை அவசியம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 'திடீர்னு போயிட்டார்' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை வயதில் என்பதுதான் முக்கியம்.

இப்போது ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மரணம் நேர்ந்தால், காரணத்தையும் நோயின் வரலாற்றையும் எழுதி டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்றிதழின் ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். அந்த அழுகையிலும் அவசரத்திலும் யாராவது ஒருவர் நினைவாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.

அதைப் படிக்க ஒரு வழி உண்டு. முதல் பகுதியில் காரணங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருப்பார்கள். மேல் வரியில் இருப்பது கடைசியில் நடந்தது. கீழே போகப் போக, அதற்குக் காரணமானது. ஆகவே கடைசி வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேலே 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று இருக்கும், அடியில் 'சர்க்கரை நோய்' என்று இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டிய சேதி அந்த அடிவரிதான். இரண்டாவது பகுதியில் கூடவே இருந்த மற்ற நோய்களைக் குறித்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய பதிவுகளில் வயதைத் தகவல் சொன்னவர் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார். 50, 60, 70 என்று முழு எண்ணாக இருந்தால் கல்யாண வருஷம், மூத்த பிள்ளையின் வயது இவற்றோடு ஒத்துப் பாருங்கள். வீட்டில் மரணம் நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் அம்மா வழி, வலது பக்கம் அப்பா வழி. ஒவ்வொருவருக்கும் ஐந்தே வரி: முழுப் பெயர், இறந்த நாளும் ஊரும், வயது, என்ன நோய், அது எந்த வயதில் தொடங்கியது. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். திவசத்துக்கு உறவெல்லாம் கூடும்போது, சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற வேளையில் பெரியவர்களிடம் பக்குவமாகக் கேளுங்கள். சில சாவுகளைப் பற்றிப் பேச அவர்களுக்கு வலிக்கும். அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் கேட்கலாம். ஆனால் ரொம்ப நாள் தள்ளிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒருவர்தான் மிச்சம் இருந்தார் சொல்வதற்கு.