எத்தனை இனங்களுக்குச் சமம்?

தாவரக் கள ஆய்வுக் கட்டுரைகளில் 'ஷானன் குறியீட்டெண் 2.30' என்று ஒரு வரி வரும். அடுத்த வரியிலேயே 'பல்வகைமை மிதமானது' என்ற முடிவும் வந்துவிடும். இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். ஷானன் 1948இல் வகுத்தது தகவலில் உள்ள நிச்சயமின்மைக்கான அளவை. அது இனங்களை எண்ணித் தருவதில்லை. சம எண்ணிக்கையில் 10 இனங்கள் உள்ள காட்டுக்கு இயல்மடக்கையில் 2.30 வரும், 20 இனங்களுக்கு 3.00. இனங்கள் இரட்டித்தும் எண் 30 விழுக்காடே ஏறுகிறது. இனங்களின் விகித வர்க்கங்களைக் கூட்டி 1இலிருந்து கழித்துப் பெறும் சிம்ப்சன் எண்ணில் நிலைமை இன்னும் மோசம். சமமாகப் பரவிய 100 இனங்களில் 50 அழிந்தாலும் 0.99 என்பது 0.98 ஆகும், அவ்வளவுதான். பாதி இனங்களை இழந்த காட்டைப் பற்றிக்கூட 'குறிப்பிடத்தக்க மாற்றமில்லை' என்று எழுத இது இடம் கொடுக்கிறது.

மார்க் ஹில் 1973இல் காட்டிய வழியில், 'சம அளவில் உள்ள எத்தனை இனங்களுக்கு இது நிகர்?' என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஷானன் எண்ணுக்கு எதிர்மடக்கை காண வேண்டும். சிம்ப்சனில் விகித வர்க்கங்களின் கூட்டுத்தொகையைத் தலைகீழாக்க வேண்டும். 100 மரங்களில் ஓர் இனம் 91, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று என்று கொள்வோம். இனங்கள் 10, ஷானன் வழியில் 1.65; சிம்ப்சன் வழியில் 1.21. மூன்றும் ஒரே அலகில் இருப்பதால் ஓரினத்தின் ஆதிக்கம் பளிச்சென்று தெரிகிறது. அதே அட்டவணை இன்னொன்றும் சொல்கிறது: ஒற்றை மரமாகப் பதிவானவை ஒன்பது என்பதால், குட் 1953இல் தந்த மதிப்பீட்டின்படி அடுத்து அளக்கும் மரம் புதிய இனமாக இருக்க ஏறத்தாழ 9 விழுக்காடு வாய்ப்புண்டு. மாதிரியின் நிறைவு 91 விழுக்காடு. ஒப்பீடு இந்த நிறைவின் அடிப்படையில் நடக்க வேண்டும், பரப்பின் அடிப்படையில் அன்று. முதுமலையிலும் பனாமாவின் பாரோ கொலராடோ தீவிலும் நிரந்தர ஆய்வுப்பரப்பு 50 ஹெக்டேர்தான்; இரண்டிலும் 1 செ.மீ. விட்டத்திலிருந்தே கணக்கெடுக்கிறார்கள். ஆனால் தொடக்கக் கணக்கெடுப்பில் முதுமலையில் சுமார் 25,000 தண்டுகள், அங்கே 2 லட்சத்துக்கும் மேல். பரப்பு சமம் என்பதால் மாதிரி சமமாகிவிடாது.

பழைய ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்பார்கள். உண்மையில் இப்போதுதான் ஒப்பிட முடியவில்லை: அதே 10 இனங்களுக்கு இயல்மடக்கையில் 2.30, இரண்டடிமான மடக்கையில் 3.32, பத்தடிமானத்தில் 1.00. அடிமானம் தெரிந்தால் எதிர்மடக்கை மூன்றையும் 10 ஆக்கிவிடும். தெரியாவிட்டால் பழைய எண்ணால் பயனில்லை. புல்வெளி ஆய்வாளர்களின் ஆட்சேபம் இதைவிட வலுவானது. வேர்த்தண்டால் படரும் புல்லில் தனிச்செடி எது என்று எவராலும் எண்ண முடியாது. பரப்புமூட்டத்தின் விகிதங்களைக் கொண்டு ஹில் எண்களைக் கணக்கிடலாம். ஆனால் மாதிரி நிறைவை அதிலிருந்து பெற முடியாது. அங்கே ஒவ்வோர் இனமும் எத்தனை குவாட்ரட்டுகளில் தென்பட்டது என்ற பதிவு தேவை. ஒரே குவாட்ரட்டில் மட்டும் கிடைத்த இனங்கள் ஒற்றை மரங்களின் இடத்தைப் பிடிக்கும். எனவே, குவாட்ரட் வாரியான மூல அட்டவணையைச் சராசரியாகச் சுருக்காமல் கட்டுரையுடன் இணைத்து அனுப்புங்கள்.