விடையும் வெடையும்

தகடூர் எனப் பழம்பெயர் பூண்ட தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்களில், முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டையை வெடைக்கோழி என்பர். சளி கட்டிய பிள்ளைக்கு வெடைக்கோழிச் சாறே வைத்துக் கொடுப்பர். முதல் முட்டை இட்டுவிட்டால் அது வெடை அன்று, பெட்டை.

கற்றார் சிலர் இச்சொல்லைக் கொச்சை என ஒதுக்குவர். எல்லையோரத்துச் சொல்லாதலின் கன்னடத்தினின்று வந்ததோ என ஐயுறுவாரும் உளர். இரண்டும் பிழை. இலை எலையாகவும், விதை வெதையாகவும், விலை வெலையாகவும் பேச்சில் திரிதல் தமிழகமெங்கும் உள்ளது. அவ்வாறே விடை வெடையாயிற்று. திரிந்தது ஒலியே அன்றிச் சொல் அன்று. கன்னடர் பெட்டைக்கோழியை ஏண்டெ என்பர். தெலுங்கர் பெட்ட என்பர். மலையாளியர் பிட என்பர். அவை நம் பெண், பெட்டை, பெடை என்பவற்றோடு உறவுடையன. முட்டையிடாப் பருவத்தை அவற்றுள் எதுவும் சுட்டாது.

வேர் யாது? விடைத்தல் என்பது பருத்து நிமிர்தல். 'மூக்கு விடைக்கிறது' என இன்றும் சொல்கிறோம். ஏறு விடையானதும், இளைஞன் விடலையானதும் இக்கருத்துப் பற்றியே என்பது எம் துணிபு. வடமொழி விருடத்தின் திரிபே விடை என்பார் காளைக்கு மட்டும் கணக்குச் சொல்வர். முட்டையிடாப் பெட்டைக்கு என் சொல்வர்? இனி, தாய்க்கோழி கொத்தி விரட்டியபின் தனித்து மேயும் குஞ்சு ஆதலின் 'விடு' என்னும் அடியாகக் கொள்ளலும் கூடும். கோழி வளர்க்கும் மூதாட்டியைக் கேட்டால் இதனையே ஒப்புவாள்!

தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயரையும் பெண்மைப்பெயரையும் வகுத்துரைக்கின்றது. அளகு என்பதைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்கும் அளவுக்கு அங்கே வரையறை உண்டு. பாலையும் பருவத்தையும் ஒருங்கே சுட்டும் விடையோ உழவர் வாயில் வாழ்ந்து வருகின்றது. மாட்டுக்குக் கிடாரி போல.

அவ்வாழ்வுக்குத்தான் இன்று கேடு. பண்ணைகளில் பிராய்லர், லேயர், குரோவர், கடைப்பலகையில் சிக்கன். குஞ்சு பொரிப்பியில் பிறந்து, தாயை அறியாது, நாற்பது நாளைச் சுற்றி எடைக்கு விற்கப்படும் கோழிக்கு விடைப்பருவமே இல்லை. பொருள் மறைந்தால் சொல்லும் மறையும். நாட்டுக்கோழி வளர்க்க இக்காலத்து இளைஞர் முன்வருகின்றனர். அவர்க்குப் பயிற்சி தருவோர் 'குரோவர்' என எழுதும் இடத்தில் விடைக்கோழி என எழுதட்டும். நாட்டுப்புறத்தார்க்கு அதனை விளக்கவும் வேண்டா.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அன்பர்களே! கோழிக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பருவந்தோறும் நும் ஊரில் வழங்கும் பெயர்களை, முதியோர் ஒலிக்குமாறே எழுதி விடுக்க.