உப்பளத்துப் பையனும் பந்து உதைத்துப் பிழைக்கலாம்!

கட்சுமி யூசா யார்? மரக்காணம் பஸ் நிலையத்தில் நின்று நூறு பேரைக் கேளுங்கள். நூறு பேரும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அவர் ஒரு ஜப்பான்காரர். தொழில் கால்பந்து. 2019-20 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்காக, கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடியவர். அதற்கு முன்னால் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், மணிப்பூர் நெரோகா என்று சுற்றியவர். மோகன் பகான் 2014-15ல் ஐ-லீக் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். ஜப்பான் தேசிய அணியில் மட்டும் அவர் ஆடியதே இல்லை.

அதனால் என்ன குறைந்து போச்சு? வருஷக்கணக்கில் பந்து உதைத்தே சம்பளம் வாங்கினாரே! பெரிய ஸ்டார் இல்லாத ஆட்டக்காரனுக்கும் கஞ்சி ஊற்றுவதுதான் நல்ல ஏற்பாடு.

ஜப்பானுக்கு இது சும்மா வரவில்லை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜப்பானை 2-0 என்று மண்ணைக் கவ்வ வைத்தது இந்தியா. தங்கமும் வாங்கி வந்தது. அப்புறம் பழம்பெருமை பேசியே காலம் போச்சு. ஜப்பான்காரர்களோ 1993ல் ஜே-லீக் தொடங்கினார்கள். 'கம்பெனி பேர் வேண்டாம், ஊர் பேரில் டீம் வை, சின்னப் பையன்களுக்கும் டீம் வை' என்றார்கள். 10 கிளப்பில் ஆரம்பித்தது 60 ஆகிவிட்டது. 1998ல் முதல்முதலாக உலகக் கோப்பைக்குப் போனார்கள். அதன் பிறகு ஒன்றைக்கூட விடவில்லை.

இங்கே நடந்தது என்ன? சென்னை சிட்டி 2018-19ல் ஐ-லீக் சாம்பியன். 2020-21க்குப் பிறகு அந்த லீக்கிலேயே இல்லை!

'கடற்கரைப் பையனுக்கு ஃபுட்பால் எங்கேப்பா வரும்?' என்று கேட்பவர்கள் குமரி மாவட்டத்தைப் பார்க்கட்டும். இரையுமன்துறை மீனவ கிராமத்துப் பிள்ளை மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், 2019ல் இந்திய அணிச் சட்டையே போட்டுவிட்டார்.

மரக்காணம் கரையில் அப்படி ஒரு பையன் இருக்க மாட்டானா? அப்பன் ஆத்தாள் வெயிலில் உப்பு வாருகிறார்கள். மழை பிடித்தால் அந்த வேலையும் கிடையாது. இதே கரையில், எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் விஷச் சாராயம் பத்துப் பேருக்கு மேல் காவு வாங்கியது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது அரசு. கொடுத்தது சரிதான். வளருகிற பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள்?

கேட்பது பெரிய ஸ்டேடியம் அல்ல. கல் முள் இல்லாத ஒரு மைதானம். மாதச் சம்பளத்தில் ஒரு கோச். குப்பத்துக்குக் குப்பம் மோதும் லீக். அதுவும் வருஷா வருஷம் நடக்க வேண்டும். ஒரு நாள் போட்டி, ஒரு கப், மாலை போட்டு ஒரு போட்டோ என்கிற கதை வேண்டாம்.

எல்லாப் பையனும் சூசைராஜ் ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். ஒருத்தன் யூசா மாதிரி பேர் தெரியாத ஆட்டக்காரனாகச் சம்பாதிக்கட்டும். இன்னொருத்தன் 3 சதவீத ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்குப் போகட்டும். மற்றவன் சாயங்காலம் சாராயக்காரனைத் தேடாமல் மைதானத்துக்குப் போனால், அதுவே லாபம்.

பேரூராட்சியும் விளையாட்டுத் துறையும் உப்பு முதலாளிகளும் மனசு வைத்தால் ஆகாத காரியமா? அடுத்த மழைக்கு முன்னால் கோல் போஸ்ட் ஊன்றுவார்களா? மரக்காணம் கேட்கிறது!